கதிரின் டிக்கெட்

கதிர்: பெரியப்பா, அத்தை, அனைவருக்கும் வணக்கம். நேற்று மாலை ஃப்ளோரிடா தலைநகர் தல்லஹாசியிலிருந்து திரும்பும் வழியில், ஒரு சிறு ஊரின் எல்லையில் வேகமாக ஓட்டியதற்காக எனக்கு அபராத டிக்கெட் கொடுத்துவிட்டார்கள். 55 மைல் வேகச் சாலை 35 ஆக மாறுகிறது என்று சொல்லும் பலகை, பாசி தொங்கும் ஓக் மரக் கிளைக்குப் பின்னால் பாதி மறைந்திருந்தது. அதைக் கவனித்து நான் வேகத்தைக் குறைப்பதற்குள் கண்ணாடியில் நீல விளக்கு தெரிந்துவிட்டது. 47-இல் வந்தேன் என்று எழுதியிருக்கிறார்கள், அது உண்மைதான். இன்றே பணத்தைக் கட்டி முடித்துவிடட்டுமா?

மீனா அத்தை: நீ நலமாக இருக்கிறாய் அல்லவா? போலீஸ்காரர் அருகே வந்தபோது இரண்டு கைகளையும் ஸ்டீயரிங் மேலேயே வைத்திருந்தாயா?

கதிர்: ஆம், அத்தை. அவர் மரியாதையாகத்தான் பேசினார்.

பெரியப்பா: அவசரப்பட்டுக் கட்டிவிடாதே, கதிர். ஃப்ளோரிடாவில் 30 நாள் அவகாசம் உண்டு. பேசாமல் பணத்தைக் கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். நீ மீறியது 12 மைல் என்பதால் உரிமத்தில் 3 பாயின்ட், அதாவது குற்றப் புள்ளிகள், ஏறும், பிறகு இன்ஷூரன்ஸ் கட்டணமும் உயரக்கூடும். அபராதத்தோடு நான்கு மணி நேர ஓட்டுநர் வகுப்பையும் எடுத்துக்கொள்வதாக அந்தக் கவுன்டியின் (மாவட்டம் போன்ற பிரிவு) கோர்ட் அலுவலகத்தில் 30 நாளுக்குள் தெரிவித்து, வகுப்பையும் முடித்தால் பாயின்ட் ஏறாது. ஆனால் அந்தச் சலுகை 12 மாதத்துக்கு ஒரு முறைதான். மூன்றாவது வழி விசாரணை கேட்பது.

சுந்தரி அக்கா: நான் வேறு பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன், பெரியப்பா. நான் இருப்பதும் நெடுஞ்சாலை நடுவே பிளந்துகொண்டு போகும் ஒரு சிற்றூரில்தான். பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் அந்தச் சாலையைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போக வேண்டும். பிரேக் பிடித்த பிறகு வண்டி ஓடும் தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது என்பதால், 35-இல் நிற்பதைப்போல ஏறத்தாழ 1.8 மடங்கு தூரம் போய்த்தான் 47-இல் நிற்கும். டிக்கெட் கொடுப்பவர்கள் எல்லாரும் பணம் பறிப்பவர்கள் என்று தம்பி நினைத்துவிடக் கூடாது.

பெரியப்பா: நீ சொல்வது முற்றிலும் சரி, அம்மா. ஆனால் பிள்ளைகளுக்காக வேகத்தைக் குறைக்கச் சொல்வதும், ஊர்ச் செலவுக்காக வேகத்தைப் பிடிப்பதும் ஒன்றல்ல. நெடுஞ்சாலை 301-இல் உள்ள வால்டோ என்ற ஊரை நினைத்துப் பார். அப்போது சுமார் ஆயிரம் பேர் வாழ்ந்த அந்த ஊரில் ஓரிரு மைலுக்குள் வேக வரம்பு 65, 55, 45, மறுபடி 55, 45, 35 என்று மாறியது, ஊராட்சியின் வருமானத்தில் ஏறத்தாழ பாதி அபராதத்திலிருந்து வந்தது. 12 மணி நேரப் பணியில் 12 டிக்கெட் எழுத வேண்டும் என்று தங்களைக் கட்டாயப்படுத்தினார்கள் என அந்த ஊர்க் காவலர்களே 2014-இல் ஊர் மன்றக் கூட்டத்தில் எழுந்து சொன்னார்கள். அந்த ஆண்டே காவல் துறை கலைக்கப்பட்டது. பக்கத்தில் உள்ள ஹாம்ப்டனில் வாழ்ந்தவர்கள் 477 பேர். அந்த ஊர் 1990-களில் 301-இன் 1,260 அடியை மட்டும், அங்கே டிக்கெட் கொடுப்பதற்காக, தன் எல்லைக்குள் இழுத்துக்கொண்டது. ஊர் நிர்வாகத்தின் மீதான 2014 தணிக்கைக்குப் பின் மாநிலச் சட்டமன்றத்தினர் ஊராட்சியையே கலைத்துவிடப் பார்த்தார்கள், அந்தத் துண்டைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் பிழைத்தது. டிக்கெட்டுக்கு எண்ணிக்கை நிர்ணயிப்பதைத் தடுத்து 2015-இல் வந்த சட்டத்துக்கு வால்டோவின் பெயரே வழங்குகிறது.

மீனா அத்தை: அப்படியானால் இந்த ஊர் எப்படிப்பட்டது என்று நமக்கு எப்படித் தெரியும்?

பெரியப்பா: தெரியாது, மீனா. எனக்கு உறுத்துவது அந்தக் கிளைதான். வேகம் குறைய வேண்டும் என்று மனதார நினைக்கும் ஊர் முதலில் அதை வெட்டியிருக்கும்.

சுந்தரி அக்கா: இதை நான் யோசிக்கவில்லை. பலகை தெரியாமல் போனால் ஆபத்து சாலையைக் கடக்கும் பிள்ளைக்குத்தான் முதலில். கதிர், விசாரணை கேட்டாலும் வகுப்புக்குப் போனாலும், அந்தப் பலகையைப் படம் எடுத்து மாநிலப் போக்குவரத்துத் துறைக்கு எழுதிவிடு.

கதிர்: சரி, அக்கா. சனிக்கிழமை பகல் வெளிச்சத்தில் போய், ஓட்டுநர் இருக்கையின் உயரத்திலிருந்தே படம் எடுக்கிறேன். மறைவது எந்தத் தூரத்திலிருந்து என்று அப்போதுதான் தெரியும். பெரியப்பா, உங்களால் உடன் வர முடியுமா?

பெரியப்பா: வருகிறேன். காலை எட்டு மணிக்குப் புறப்படலாம். டிக்கெட்டின் இரண்டு பக்கங்களையும் இன்றிரவே எனக்கு அனுப்பு.