புதுப்பிப்பு: கோப்புறை அனுமதி இருந்தும் செக் அவுட் செய்ய முடியாத சிக்கல்

வடிவமைப்புக் கோப்புகளை நிர்வகிக்கும் மென்பொருளான சாலிட்வொர்க்ஸ் பிடிஎம்மில், வடிவமைப்புக் குழுவினருக்குத் திட்டக் கோப்புறையில் செக் அவுட் உரிமை (கோப்பைத் திருத்துவதற்காகத் தம் பெயரில் எடுத்துக்கொள்ளும் உரிமை) கொடுத்திருந்தும், சில வரைபடங்களை மட்டும் அவர்களால் எடுத்துத் திருத்த முடியவில்லை என்று முன்பு கேட்டிருந்தேன், காரணம் கிடைத்துவிட்டது. இந்த மென்பொருளில் கோப்புறைக்கான அனுமதி மட்டும் போதாது, கோப்பு அப்போது இருக்கும் பணியோட்ட நிலையிலும் (ஒப்புதலுக்குக் காத்திருப்பது போன்ற கட்டத்திலும்) அதே அனுமதி இருந்தாக வேண்டும். சிக்கலுக்குள்ளான வரைபடங்கள் அனைத்தும் ஒப்புதலுக்குக் காத்திருந்தன. அந்நிலையில் அக்குழுவுக்குப் படிக்கும் உரிமை மட்டுமே இருந்தது. ஒப்புதலுக்குப் போன வரைபடத்தை யாரும் தொடக்கூடாது என்பதே முறை என்பதால், அந்த ஏற்பாட்டை அப்படியே விட்டுவிட்டேன். திருத்தம் தேவைப்பட்டால் சரிபார்ப்பவரே அதை முந்தைய நிலைக்குத் திருப்பி அனுப்புகிறார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒருவர் பல குழுக்களில் இருந்தால் அவற்றின் உரிமைகள் ஒன்றுகூடுமே தவிர, ஒன்று மற்றொன்றைக் குறைக்காது. ஆகவே ஓர் உரிமையை நீக்குமுன் அவர் இடம்பெற்ற எல்லாக் குழுக்களையும் பார்த்துவிடுங்கள்.