படம் மாட்டுற ஒழுங்குக்கு ஒரு சொல்: தொடையா நிரையா?

கிளிநொச்சி ரீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். உயர்தரச் சித்திரப் பிள்ளையளுக்குக் கண்காட்சி வடிவமைப்புப் பற்றி ஒரு கையேடு செய்யிறன், வெள்ளிக்கிழமை பிறிண்டுக்குக் குடுக்கவேணும். உதாரணத்துக்கு 2005 இல நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகத்தில யூபிஎஸ் வங்கியின்ர சமகால ஓவியச் சேகரிப்பை வைச்ச கண்காட்சியை எடுத்திருக்கிறன். கம்பனியளின்ர படங்கள் வழமையா கந்தோர்ச் சுவர்கள்ல அங்கொண்டு இங்கொண்டாத்தானே கிடக்கும், மியூசியத்துக்கு வந்தாப்பிறகு எதுக்குப் பக்கத்தில எது, எவ்வளவு இடைவெளி, என்ன உயரம் எண்டு யோசிச்சு மாட்டோணும். இந்த ஒழுங்குக்கு ஆங்கிலத்தில 'ஹாங்' எண்டு ஒரே சொல். தமிழில என்ன போட? 'தூக்கு' எண்டு எழுத மனம் வரேல்ல. 'தொங்கல்' எண்டா எங்களுக்குக் கடைசி அந்தம்.

மல்லாவி மாஸ்ரர்:
ரீச்சர், சொல் தொல்காப்பியத்திலயே கிடக்கு. தொடை. பூவைத் தொடுத்தா மாலை, சீரைத் தொடுத்தாப் பாட்டு, படத்தைத் தொடுத்தா ஏன் தொடை ஆகாது? ஒரே நிறத்தில துவங்கிற படங்கள் மோனை, கறுப்புக்குப் பக்கத்தில வெள்ளை முரண். முதலாவதும் மூண்டாவதும் ஒத்து வந்தாப் பொழிப்பு, முதலாவதும் நாலாவதும் எண்டா ஒரூஉ. எங்கட யாப்பைவிட இதுக்கு வேற என்ன வேணும்?

ஓமந்தை:
மாஸ்ரர், பதினேழு வயசுப் பிள்ளையளுக்கு முன்னால நிண்டு 'படத்தொடை' எண்டு சொல்லிப் பாருங்கோ. 'தொடுப்பு' எண்டு மாத்தினா அது இன்னும் மோசம். ஹாங்கிங் எண்டே எழுதுங்கோ ரீச்சர், கொழும்பு கலரியில வேலைக்குப் போற பிள்ளைக்கு அதுதான் உதவும்.

முழங்காவில் அக்கா:
'படநிரை' சரிவராதோ? நிரை, நிரல் கணக்குப் புத்தகத்திலயே இருக்கு, பிள்ளையளுக்குப் பழக்கம். நிரை எண்டா மாட்டுக்கூட்டமும்தான், வெட்சித்திணையில கவர்ந்தது அதைத்தானே. எங்கட அப்பு பட்டி வைச்சிருந்தவர், ஒவ்வொரு மாட்டிலயும் குறி சுட்டிருக்கும். கம்பனிப் படத்துக்குப் பின்னால ஒட்டியிருக்கிற சேகரிப்பு இலக்கத்தைக் கண்டா எனக்கு அந்தக் குறிதான் ஞாபகம் வரும்.

மல்லாவி மாஸ்ரர்:
நிரை அசையுமாகும் தங்கச்சி, நேர், நிரை. அப்ப நீங்களும் யாப்புக்குள்ளதான் நிக்கிறியள்.

கிளிநொச்சி ரீச்சர்:
நேற்று வகுப்பில கயிறு கட்டி, உடுப்புக் கிளிப்பில பிள்ளையள் கீறின ஒன்பது படத்தைக் கொழுவிப் பார்த்தன். படத்தின்ர நடு தரையில இருந்து 145 சென்ரிமீற்றர் வாறமாதிரி அளவுநாடா பிடிச்சு வைச்சது. குளத்தில நிக்கிற கறுப்பு யானையைத் தொங்கல்ல இருந்து எடுத்து வெள்ளைக் கொக்குக்குப் பக்கத்தில கொழுவினவுடன, இவ்வளவு நேரமும் வெறும் தாளாக் கிடந்த கொக்கு பளிச்செண்டு தெரிஞ்சுது. ஒரு பிள்ளை 'ரீச்சர், யானை பெருத்துப்போச்சு' எண்டாள். மாஸ்ரர் சொன்ன முரண் இதுதான் எண்டு எனக்கு அப்பத்தான் விளங்கினது. ஆனா அவளுக்கு அதை நிரை எண்டுதான் சொல்லிக்குடுத்தன், வாயில வந்தது அதுதான்.

ஓமந்தை:
அப்ப படநிரை எண்டே போடுங்கோ, ஒருக்கா மட்டும் பக்கத்தில ஹாங்கிங் எண்டும் எழுதிவிடுங்கோ. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ரெண்டு நாள்தான் கிடக்கு.

முழங்காவில் அக்கா:
எனக்கும் சம்மதம்.

மல்லாவி மாஸ்ரர்:
போடுங்கோ, மறிக்கேல்ல. ஆனா மேல ரெண்டும் கீழ மூண்டுமா மாட்டின சுவரை எந்தக் கணக்கில நிரை எண்ணுறது? நான் தொடை எண்டுதான் எழுதுவன்.