கார்கோயில்ஸ் காமிக்ஸ்: எந்த வரிசையில் படிப்பது?

எல்லோருக்கும் வணக்கம். டிஸ்னியின் கார்கோயில்ஸ் கார்ட்டூனை இப்போதுதான் முழுக்கப் பார்த்து முடித்தேன். முதல் இரண்டு சீசன்களும் அருமை. தொடரை உருவாக்கிய கிரெக் வைஸ்மன் மூன்றாவது சீசனில் முதல் எபிசோடை மட்டும்தான் எழுதினார். அவர் போனதும் கதையில் இருந்த உயிரும் போய்விட்டது. 1997-இல் தொடரே நின்றுபோனது.

2006-இல் எஸ்எல்ஜி பதிப்பகம் மூலம் அவரே காமிக்ஸாகக் கதையைத் தொடர்ந்தார். அந்த முதல் எபிசோடைத் தவிர மூன்றாவது சீசனைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. நல்ல முடிவு! அப்புறம் 2022 டிசம்பரில் டைனமைட் என்ற இன்னொரு பதிப்பகம் காமிக்ஸை மறுபடி ஆரம்பித்தது. அதற்கும் எழுத்து அவர்தான்.

என் குழப்பம் இதுதான். எஸ்எல்ஜி தொடர் மொத்தம் 12 இதழ்கள். கடைசி நான்கு தனி இதழாக வரவேயில்லை, 2009-இல் தொகுப்பில்தான் வந்தன. பிற்பகுதியில் காலம் வேறு முன்னும் பின்னுமாகத் தாவுகிறதாம். இதற்கு நடுவே ‘பேட் கைஸ்’ என்ற கிளைக்கதையை எங்கே நுழைத்துப் படிப்பது? பழைய தொகுப்புகளுக்குச் சொல்லும் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. நேராக டைனமைட் இதழ்களில் தொடங்கினால் கதை புரியுமா? 1995-இல் வந்த மார்வெல் காமிக்ஸையும் தேடிப் பிடிக்க வேண்டுமா, விட்டுவிடலாமா?

படித்தவர்கள் வரிசையை மட்டும் சொல்லுங்கள். முக்கியப் பாத்திரங்களான கோலியாத்துக்கும் எலைசாவுக்கும் என்ன ஆகிறது என்று தயவுசெய்து யாரும் போட்டு உடைத்துவிடாதீர்கள்!