‘மார்னிங் டவ் ஒயிட்’ ஆல்பத்தைக் கேட்டவர்கள் யாராவது உண்டா?

ஒலிக்காரன்_தங்கச்சிமடம்:

வணக்கம். 1993-ல் வந்த ‘மார்னிங் டவ் ஒயிட்’ ஆல்பத்தை இங்கே யாராவது கேட்டிருக்கிறீர்களா? குழுவின் பெயர் ஒன் டவ். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்துக்காரர்கள், மூன்று பேர். பாடுகிற பெண் டாட் அலிசன். டான்ஸ் பாட்டு வகைதான், ஆனால் ஆடு ஆடு என்று விரட்டாது. பேஸ், அதாவது அடிச் சத்தம், மெதுவாக உருண்டுகொண்டே இருக்கும். குரல் அதற்கு ரொம்ப தூரத்தில் மேலே நிற்கும்.

என் மச்சான் ஸ்காட்லாந்தில் இறால் படகில் வேலை பார்த்தவன். நம் கரையிலிருந்து அப்படிப் போகிறவர்கள் உண்டு, தெரிந்திருக்கும். ஃப்ரேசர்பர்க் துறைமுகத்தில் படகு நிற்கிற நாட்களில் பழைய சாமான் கடைகளில் சிடி பொறுக்கி வைப்பான். நான் ரேடியோ செட் தொழிலில் இருப்பதால் ஊருக்கு வரும்போது எல்லாவற்றையும் எனக்குத் தந்துவிடுவான். அதில் வந்ததுதான் இது. என் வண்டியில் பழைய சிடி பிளேயர் இன்னும் ஓடுகிறது. இப்போதைக்கு அதில் வேறு சிடி ஏறுவதில்லை.

என்னோடு வேலை பார்க்கிற பையன்கள், “குரல் அமுங்கிக் கிடக்குண்ணே, மிக்சிங் பண்ணத் தெரியாதவங்க போல” என்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. ஏன் என்று தொழில்வழியாகச் சொல்கிறேன்.

திருவிழாவுக்குத் தெரு நெடுகக் குழாய் ஸ்பீக்கர் கட்டினால், பக்கத்துக் குழாயின் சத்தம் முதலில் வரும், தள்ளி இருக்கிற குழாயின் சத்தம் பின்னால் வரும். சத்தம் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். அதனால் அறிவிப்பு செய்கிறவர் ஒருமுறை சொன்னதை நாம் இரண்டு மூன்று தடவை கேட்போம். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் ஒரு பக்கத்துக் குழாய் தூக்கலாகவும் மறுபக்கம் மங்கலாகவும் கேட்கும், வாடையில் அது அப்படியே திரும்பிவிடும். எங்களுக்கு இது தொல்லை. பேச்சே குழம்பிப் போகும்.

இந்த ஆல்பத்தில் அதே எதிரொலிதான், ஆனால் ஒவ்வொன்றும் தாளத்துக்குக் கணக்காக வந்து விழுகிறது. அவர் ஒரு வரியைப் பாடி நிறுத்துகிறார். அந்த வரியின் கடைசி எழுத்து திரும்ப வருகிறது, அடுத்த முறை கொஞ்சம் மங்கலாக, அதற்கடுத்து இன்னும் மங்கலாக. அது முழுக்கக் கரைகிற இடத்தில் அடுத்த வரி ஆரம்பிக்கிறது. குரலைப் பின்னால் தள்ளி வைத்ததே அந்த எதிரொலிகள் நடமாட இடம் வேண்டும் என்றுதான். தெரியாமல் அமுக்கியது இல்லை, தெரிந்தே வைத்தது. என் காதுக்கு அப்படித்தான் கேட்கிறது.

கேட்க வந்தது இதுதான். ஒன்று, இவ்வளவு நன்றாக இருப்பது ஏன் பேசப்படவே இல்லை? இரண்டு, குரலை இப்படி வைக்கிற முறை எங்கிருந்து வந்தது? அப்புறம், இதே வழியில் இன்னும் என்னென்ன கேட்கலாம்?

கீழக்கரை_காக்கா:

தம்பி, இந்த ஆல்பத்தின் பெயரைத் தமிழில் யாராவது எழுதிப் பார்ப்பேன் என்று நினைக்கவே இல்லை. நான் துபாயில் இருந்தபோது கூட வேலை பார்த்த ஒருவர் கேசட்டில் பதிந்து கொடுத்தார். கேசட் போய்விட்டது, பாட்டு போகவில்லை.

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதில் உங்களுக்கு ஒரு சொந்தம் இருக்கிறது.

ஜமைக்காவில் கிங்ஸ்டன் நகரத்தில் கிங் டப்பி என்று ஒருவர் இருந்தார். ரேடியோ ரிப்பேர் செய்கிறவர். ஆம்ப்ளிஃபயர் கட்டுவார், சொந்தமாக ஒரு செட் வைத்துத் தெருவில் பாட்டுப் போடுவார். உங்கள் தொழிலேதான். அங்கே அதற்கு சவுண்ட் சிஸ்டம் என்று பேர். 1970-களில் அவர் என்ன செய்தார் என்றால், பதிவான பாட்டை எடுத்து மிக்சரில் குரலை வெட்டிவிடுவார். டிரம்மும் பேஸும் மட்டும் ஓடும். திடீரென்று குரலில் ஒரு சொல்லை மட்டும் திறந்து, அதை எக்கோவில் தள்ளி, மறுபடி மூடிவிடுவார். அந்தச் சொல் தானாகச் சுற்றிக்கொண்டு போகும். அதற்குப் பெயர் டப்.

அன்றைய எக்கோ டேப்பில் ஓடியது. ஒரு ஹெட் (டேப்பைத் தொடும் காந்த முனை) சத்தத்தை எழுதும், அடுத்த ஹெட் கொஞ்சம் தாமதித்துப் படிக்கும். படித்ததைத் திரும்ப எழுதவிட்டால் எதிரொலி தொடரும். ஒவ்வொரு சுற்றிலும் கூர்மையான சத்தம் தேய்ந்துகொண்டே வரும். நீங்கள் மங்கலாகிறது என்று சொன்னது அதே குணம்தான். உங்கள் காது சரியாகத்தான் பிடித்திருக்கிறது.

இங்கிலாந்தில் பங்க் என்ற முரட்டு ராக் இசைக் காலத்துப் பிள்ளைகள் டப்பைக் கேட்டு வளர்ந்தவர்கள். அவர்களில் ஒருவர் ஜா வாபிள். பப்ளிக் இமேஜ் லிமிடெட் குழுவில் பேஸ் வாசித்தவர், இந்த ஆல்பத்திலும் வாசித்திருக்கிறார். ஆல்பத்தைத் தயாரித்த ஆண்ட்ரூ வெதரால் 1991-ல் பிரைமல் ஸ்க்ரீம் குழுவின் ‘ஸ்க்ரீமடெலிகா’வில் வேலை செய்து பேர் வாங்கியவர். கிட்டார் குழுவின் பாட்டைப் பிரித்துப் போட்டு டான்ஸ் பாட்டாக மறுபடி கட்டியவர். 2020 பிப்ரவரியில் காலமானார். டப்பி செய்ததை அவர் ஒன் டவ்விடம் கொண்டுவந்து, அதன் நடுவில் ஒரு பெண் குரலை நிறுத்தினார். டப்பில் குரல் துண்டு துண்டாகத்தான் வரும். இங்கே பாட்டு முழுசாக இருக்கிறது, டப்பும் முழுசாக இருக்கிறது. இரண்டையும் விட்டுக்கொடுக்காமல் செய்தவர்கள் ரொம்பக் குறைவு. எனக்கு இந்த ஆல்பம் பெரிதாகத் தெரிவது அதனால்தான்.

ஏன் பேசப்படவில்லை என்றால், முதல் காரணம் தாமதம். முதல் பாட்டு 1991-லேயே சோமா என்ற கிளாஸ்கோ லேபிளில் (இசை வெளியீட்டு நிறுவனம்) வந்துவிட்டது, கிளப்களில் எடுபட்டது. ஆல்பமோ 1993 செப்டம்பரில்தான் கடைக்கு வந்தது. இடையில் ரேடியோவுக்கு ஏற்ற மாதிரி சுருக்கமாக, பளிச்சென்று வேண்டும் என்று ஆல்பத்தை வெளியிட்ட லேபிள் பக்கம் அழுத்தம். பெட் ஷாப் பாய்ஸ் என்ற பாப் குழுவுக்கு வேலை செய்த ஸ்டீஃபன் ஹேகைக் கொண்டுவந்து சிங்கிள்களுக்கு (தனியாக வெளியிடுகிற பாட்டுகளுக்கு) வேறு மிக்ஸ் செய்தார்கள். அந்த இழுபறியில் காலம் போய்விட்டது. வெளிவந்த நேரத்தில் பிரிட்டன் பத்திரிகைகள் கிட்டார் குழுக்கள் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தன. அடுத்த ஆல்பம் வெளிவராமலே குழு கலைந்தது. ஒரே ஒரு ஆல்பம், அதுவும் நேரம் தப்பி வந்தது. எடுத்துச் சொல்ல ஆள் இல்லாமல் போய்விட்டது.

ஏர்வாடி_காற்று:

ஒலிக்காரன் அண்ணன் சொன்னாரே என்று நேற்று ராத்திரி போட்டுப் பார்த்தேன். மன்னிக்கணும், என்னால் முடியவில்லை. இரண்டாவது பாட்டே பத்து நிமிடத்துக்கு ஓடுகிறது. குரல் நல்ல குரல்தான், மறுக்கவில்லை. ஆனால் என்ன பாடுகிறார் என்றே பிடிபடவில்லை. டான்ஸ் என்கிறீர்கள், கால் அசையவில்லை. தியானத்துக்கு என்றால் டிரம் இருக்கிறது. இதை எந்த நேரத்தில் கேட்பது?

கீழக்கரை_காக்கா:

தம்பி, கேள்வி நியாயமானதுதான். 1980-களின் கடைசியில் லண்டன் கிளப்களில் ஆடும் கூடத்துக்குப் பக்கத்தில் தனியாக ஓர் அறை ஒதுக்க ஆரம்பித்தார்கள். ஆடிக் களைத்தவர்கள் உட்கார்ந்து இளைப்பாறுவதற்கு. அங்கே தாளம் தேய்ந்து, மிதக்கிற மாதிரி இசை ஓடும். ஆம்பியன்ட் டான்ஸ் வகை அங்கேதான் ஊன்றி வளர்ந்தது. ஆட்டத்துக்கும் தூக்கத்துக்கும் நடுவில் ஒரு நேரம் இருக்கிறதில்லையா, அதற்கான இசை. போனின் சின்ன ஸ்பீக்கரில் கேட்டீர்கள் என்றால் பாதி ஆல்பத்தைக் கேட்கவே இல்லை. பேஸ் அதில் வராது. பேஸ் வராவிட்டால் அந்தக் குரல் நிற்பதற்குத் தரை இல்லை.

பாம்பன்_டீச்சர்:

அண்ணன், காக்கா, இரண்டு பேர் எழுதியதையும் ரசித்துப் படித்தேன். ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு மனத்தாங்கல். இந்த ஆல்பத்தைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் வெதரால், வெதரால் என்றே போகிறது. டாட் அலிசன் ஏதோ அவர் எடுத்துப் பயன்படுத்திய ஒரு கருவி மாதிரி. அவர் பாட்டு எழுதியவர்களில் ஒருவர். முன்பு ஆல்டர்ட் இமேஜஸ் குழுவில் இருந்த ஜிம் மெக்கின்வென், இயன் கார்மைக்கேல், இவர்களோடு சேர்ந்து குழுவை உண்டாக்கியவர். ஆல்பம் கவனிக்கப்படவில்லை என்று வருத்தப்படுகிற நாமே பாடியவரைக் கவனிக்காமல் விடலாமா?

சொல்லுக்குச் சொல் அல்ல, மூச்சுக்கு மூச்சு கேட்டுப் பாருங்கள். அவர் குரலை உயர்த்துவதே இல்லை. கமகம், அசைவு எதுவும் கிடையாது. ஒரு சுரத்தைத் தொட்டால் நேராக வைக்கிறார், அலங்காரம் செய்யாமல் விட்டுவிடுகிறார். நம் சினிமாப் பாட்டில் குரல்தான் முன்னால் நிற்கும், மேளதாளமெல்லாம் அதற்குப் பின்னால் ஒதுங்கும். அதில் பழகிய காதுக்கு இப்படிப் பாடுவது பலவீனமாகத் தெரியலாம். ஆனால் இவ்வளவு மெதுவான குரலை ஒரே அளவில், பிசிறு இல்லாமல், பத்து நிமிடப் பாட்டில் தாங்கிப் பிடிப்பது கஷ்டமான வேலை. பள்ளியில் பிள்ளைகளுக்குப் பிரார்த்தனைப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன். சத்தமாகப் பாட எல்லாப் பிள்ளைகளும் பாடிவிடும். மெதுவாகப் பாடச் சொன்னால் சுருதி உடனே இறங்கிவிடும். வகுப்பில் ஒன்றிரண்டு பிள்ளைகள்தான் தாங்கும்.

ஏர்வாடித் தம்பிக்கு ஒரு யோசனை. முதலிலிருந்து கேட்க வேண்டாம். இரண்டாவது பாட்டான ‘ஒயிட் லவ்’ ஆல்பத்தின் கடைசிப் பக்கம் பியானோவோடு மறுபடி வரும். டிரம் கூட்டமெல்லாம் விலகிவிடும், அவர் கிட்டத்தில் நின்று பாடுவார். அதைக் கேட்டுவிட்டு அப்புறம் பத்து நிமிடப் பாட்டுக்குப் போங்கள். உள்ளே யார் இருக்கிறார் என்று தெரிந்த பிறகு அந்த எதிரொலிகள் தொந்தரவாக இருக்காது. எனக்கு அந்தப் பியானோ பாட்டுதான் சாட்சி. இவ்வளவு மிக்சிங்கையும் எடுத்துவிட்டாலும் பாட்டு நிற்கிறது.

இன்னொன்று. அமெரிக்கப் பாடகி டாலி பார்ட்டன் 1973-ல் வெளியிட்ட ‘ஜோலீன்’ பாட்டை இந்தக் குழு பாடியிருக்கிறது. ஆல்பத்தில் இல்லை, ஒரு சிங்கிளின் மறுபக்கம். கிராமத்துக் கிட்டார் பாட்டை எடுத்து இப்படிப் பாடுவதற்கு, பாட்டு என்றால் என்ன என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஒலிக்காரன்_தங்கச்சிமடம்:

டீச்சர், நீங்கள் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். பியானோ பாட்டை இன்று அதற்காகவே தனியாக வைத்துக் கேட்டேன். ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்கு முன்னால் அவர் மூச்சு எடுப்பது தெளிவாகக் கேட்கிறது. பெரிய பாட்டிலும் அது இருக்கிறதா என்று பேஸைக் குறைத்துப் பார்த்தேன். இருக்கிறது. அதையும் எக்கோவுக்குள் விட்டிருக்கிறார்கள்.

காக்கா, கிங் டப்பி பற்றி எழுதியதைப் பையன்களுக்குப் படித்துக் காட்டினேன். ரேடியோ ரிப்பேர்காரர் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நம்மிடம் இருக்கிற மிக்சரிலும் எக்கோ குமிழ் இருக்கிறது, அறிவிப்பாளர் குரல் கம்பீரமாக வர வேண்டும் என்று திருப்பி வைப்பதோடு சரி. அதை ஒரு வாத்தியமாக வாசிக்கலாம் என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

நேற்று ஓலைக்குடாவில் செட் போட்டு முடித்த பிறகு, நிகழ்ச்சிக்கு நேரம் இருந்ததால் டெஸ்டிங்குக்கு இந்த ஆல்பத்தைப் போட்டேன். குழாய் இல்லை, பாக்ஸ் மட்டும். ஒரு குழாயில் கொடுத்துப் பார்த்தபோது குரல் தகரமாக வந்தது, உடனே நிறுத்திவிட்டேன். குழாய்க்குப் பேஸ் கிடையாது, நடுச் சத்தம் மட்டும்தான். காக்கா சொன்ன அதே கதை. பாக்ஸில் பேஸ் மணலில் இறங்குகிறது, காலில் தெரிகிறது. வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், “யாரு பாடுறது, நல்லா அமைதியா பாடுதே” என்று கேட்டார். வார்த்தை ஒன்றும் அவருக்குப் புரிந்திருக்காது. பாட்டு முடிகிறவரை அங்கேயே நின்றார்.

ஏர்வாடித் தம்பி, அடுத்த வாரம் உங்கள் பக்கம் ஒரு கல்யாண வேலை இருக்கிறது. நேரம் இருந்தால் வாருங்கள், பாக்ஸில் போட்டுக் காட்டுகிறேன்.

ஏர்வாடி_காற்று:

வருகிறேன் அண்ணே. பியானோ பாட்டைக் கேட்டேன், அது பிடித்தது. பத்து நிமிடப் பாட்டு பற்றி என் கருத்து இன்னும் அப்படியே இருக்கிறது. பாக்ஸில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.

கீழக்கரை_காக்கா:

மூன்றாவது கேள்வி பாக்கி இருக்கிறது. நான் வரிசை சொல்கிறேன், டீச்சர் திருத்தட்டும்.

மாஸிவ் அட்டாக் குழுவின் ‘ப்ளூ லைன்ஸ்’, 1991. பிரிஸ்டல்காரர்கள், அவர்களும் சவுண்ட் சிஸ்டம் வழியில் வந்தவர்கள்தான். அதில் ஷாரா நெல்சன் பாடுவது கனமான குரல், அலிசனுக்கு நேர் எதிர். அடித்தளம் ஒன்று, மேலே நிற்கிற ஆள் வேறு என்றால் பாட்டு எப்படி மாறும் என்று தெரிய இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். அப்புறம் சென்ட் எடியன் குழுவின் ‘ஃபாக்ஸ்பேஸ் ஆல்ஃபா’, அதே வருடம். கொஞ்சம் துள்ளல் கூடுதல், ஏர்வாடித் தம்பிக்கு ஒத்துவரும். அவர்கள் பாட்டு ஒன்றையும் வெதரால் மிக்ஸ் செய்திருக்கிறார்.

பாம்பன்_டீச்சர்:

நல்ல வரிசை காக்கா. நான் டாட் அலிசன் தனியாகச் செய்த இரண்டைச் சேர்க்கிறேன். 1999-ல் ‘ஆஃப்டர்குளோ’, 2021-ல் ‘ஹார்ட் ஷேப்ட் ஸ்கார்ஸ்’. இரண்டாவதில் டிரம் மெஷின் சங்கதியே இல்லை, கிட்டாரும் வயலின் வகைகளும்தான். இத்தனை வருடம் கழித்தும் குரலை உயர்த்தவில்லை. ஒலிக்காரன் அண்ணனுக்கு முதலில் 1999 ஆல்பம். மச்சான் அடுத்த தடவை அந்தக் கடைக்குப் போனால் இதையும் தேடச் சொல்லுங்கள்.