சூரிய வெந்நீர்க் கருவி: கண்ணாடிக் குழாயா, செம்புத் தட்டையா?

வடவள்ளிவாசி:
வணக்கம். கோவையில் இரண்டு தள வீடு கட்டி வருகிறோம். பூச்சு வேலை இன்னும் தொடங்கவில்லை. ஆறு பேருக்காக மொட்டைமாடியில் 200 லிட்டர் சோலார் வாட்டர் ஹீட்டர் வைக்கப்போகிறோம். வெற்றிடக் கண்ணாடிக் குழாய் வகையே போதும் என்கிறார் ஒரு கடைக்காரர். செம்புக் குழாய் பதித்த தட்டை வகைதான் நீடித்து உழைக்கும் என்கிறார் மற்றொருவர். உப்பான போர்வெல் தண்ணீரும், குழாயில் வரும் சிறுவாணி அணையின் நல்ல தண்ணீரும் உண்டு. எதை வாங்கலாம்?

மொட்டைமாடி:
வகையைவிட, உள்ளே செல்லும் தண்ணீரைப் பற்றியே முதலில் முடிவெடுங்கள். உப்புத் தண்ணீர் சூடேறும்போது கரைந்துள்ள கால்சியம் சுண்ணாம்புப் படிவமாகப் படிகிறது. தட்டை வகையின் செம்புக் குழாய்கள் ஒடுங்கியவை என்பதால், படிவம் சேரச் சேர, பம்ப் இல்லாமல் சூட்டினாலேயே நடக்கும் நீரோட்டம் தடைப்பட்டுவிடும். கண்ணாடிக் குழாய்கள் அகலமானவை, எளிதில் அடைபடுவதில்லை, கழற்றிக் கழுவவும் முடியும். ஆனால் ஒரு குழாய் உடைந்தால் தொட்டித் தண்ணீர் வடிந்துவிடும். வெயிலில் காய்ந்திருக்கும் வெறுங்குழாயில் குளிர்ந்த நீரை விடவே கூடாது, வெடித்துவிடும். சிறுவாணித் தண்ணீருக்குத் தனித் தொட்டி வைத்து, அதை வெந்நீர்த் தொட்டிக்கு மேலே அமைத்தால் தட்டை வகையையே நான் பரிந்துரைப்பேன்.

வடவள்ளிவாசி:
மிக்க நன்றி. சிறுவாணித் தண்ணீர் நாள்தோறும் வருவதில்லை என்பதுதான் சிக்கல். சோலார் பேனலும் போடவிருப்பதால், கீசரே போதுமா என்றும் வீட்டில் கேட்கிறார்கள்.

மொட்டைமாடி:
அப்படியானால் வெப்பப் பரிமாற்றி உள்ள தட்டை வகையைக் கேளுங்கள். செம்புக் குழாய்களுக்குள் நல்ல தண்ணீர் மட்டும் மூடிய சுற்றில் ஓடும், போர்வெல் தண்ணீர் அவற்றுக்குள் நுழையாது. கீசரைப் பொறுத்தவரை, 200 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 8 யூனிட் மின்சாரம் வேண்டும். அதற்கு மட்டுமே சுமார் 2 கிலோவாட் பேனல், அதாவது 10 சதுர மீட்டர் இடம் போய்விடும். தட்டை வகைக்கு 4 சதுர மீட்டர் போதும்.

குழாய்வழி:
இருவரும் குழாயின் நீளத்தை மறந்துவிட்டீர்கள். 20 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாய் கீழ்த்தளம் வரை 20 மீட்டர் ஓடினால், அதற்குள் ஆறு லிட்டருக்கு மேல் ஆறிய தண்ணீர் நிற்கும். காலையில் வெந்நீர் வருமுன் அத்தனையும் திறந்துவிடப்பட்டு வீணாகும். குளியலறைகளுக்கு நேர் மேலேயே கருவியைத் தெற்கு நோக்கி வையுங்கள். வெந்நீருக்குச் சாதாரண பிவிசி தாங்காது. சிபிவிசி குழாயின் மேல் வெப்பக்காப்பு உறை போட்டு, பூச்சு வேலைக்கு முன்பே சுவருக்குள் பதித்துவிடுங்கள்.