புதுப்பிப்பு: அக்காவின் திசுப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது

அக்காவின் மாமோகிராமில் (மார்பக எக்ஸ்ரே) சுண்ணாம்புப் புள்ளிகள் கொத்தாகத் தெரிந்ததையும், ஊசித் திசுப் பரிசோதனையில் பால்நாளச் செல்கள் இயல்பு மாறிப் பெருகியிருப்பதாக வந்ததையும், அறுவை தேவையா என்று குழம்பியதையும் ஆடி மாதம் கும்பகோணத்திலிருந்து எழுதியிருந்தேன்.

குறுவை அறுவடை முடிந்ததும் தஞ்சாவூரில் அறுவை நடந்தது. கைக்குத் தட்டுப்படாத மாற்றம் என்பதால், அன்று காலையிலேயே மாமோகிராம் துணையுடன் மெல்லிய கம்பியைச் செருகி இடத்தை அடையாளமிட்டு, வெட்டியெடுத்த துண்டையும் எக்ஸ்ரே எடுத்து, புள்ளிகள் அதில் அடங்கிவிட்டன என்று உறுதிசெய்துகொண்டார்கள். ஊசியில் கிடைப்பது சிறு மாதிரி மட்டுமே. அருகிலேயே புற்றுநோய் இருந்தால் அது தவறிவிடக்கூடும் என்பதால்தான் இந்த அறுவை. முழுத் திசுவிலும் புற்றுநோய் இல்லை என்று நேற்று அறிக்கை வந்தது. அக்கா அழுதுவிட்டார்.

ஆயினும், 'இனி ஒன்றுமில்லை' என்று உறவினர்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. இந்தச் செல் மாற்றம் உள்ளவர்களுக்குப் பிற்காலத்தில் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு, இம்மாற்றம் இல்லாதவர்களைவிட ஏறத்தாழ 4 மடங்கு. அது எந்த மார்பகத்திலும் வரலாம். ஆகவே ஆண்டுதோறும் மாமோகிராம் கட்டாயம்.

அந்த வாய்ப்பைக் குறைக்கத் தமாக்சிபென் என்ற மாத்திரை உண்டு. குறைந்த அளவான 5 மில்லிகிராமைத் தினமும் 3 ஆண்டுகள் கொடுப்பதும் பலன் தருகிறது. ஆனால் அது இரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டும். பிரசவத்துக்குப் பின் அக்காவுக்குக் காலில் இரத்தம் உறைந்திருந்ததை நான் நினைவூட்டியதும் மருத்துவர் அந்த மாத்திரையைத் தவிர்த்துவிட்டார். மாதவிடாய் நின்றுவிட்டதால், அதே நோக்கத்துக்கான எக்செமெஸ்டேன் என்ற வேறு மாத்திரை தரலாம் என்கிறார். அது எலும்பைத் தேய்க்கும் என்பதால், எலும்பு அடர்த்திச் சோதனைக்கு வரும் புதன்கிழமை செல்கிறோம்.