அப்பத்தாவுக்குக் கொல்லையில் அல்லிக்குளம்: கொசு, மோட்டார் தொல்லை இல்லாமல் கட்ட வழி சொல்லுங்கள்

புதுக்கோட்டைப் பேரன்

எல்லாருக்கும் வணக்கம். அப்பத்தாவுக்கு 78 வயசு. புதுக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஓட்டு வீட்டில் தனியாக இருக்கிறார். ஒத்தாசைக்கு வரும் அக்கா காலையில் மட்டும் வந்து போவார். நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன், இரண்டு மாதத்துக்கு ஒரு தடவைதான் ஊருக்குப் போக முடிகிறது.

அப்பத்தாவுக்கு வலது முட்டியில் அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து ஊருணிக் கரைக்குப் போவது நின்றுவிட்டது. "அல்லி பூத்துக் கெடக்கும், அதைப் பாக்காமப் போச்சே"ன்னு போன பொங்கலுக்கு ஒரு வார்த்தை சொன்னார். அப்போதிருந்து கொல்லையிலேயே சின்னதாக ஒரு குளம் வைத்துக் கொடுக்க வேண்டும் என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

கொல்லை 30 அடிக்கு 18 அடி. மேற்கு ஓரத்தில் வேப்பமரம். போர் தண்ணீர் உப்பு, வாளியில் வெள்ளையாகப் படியும். 40,000 ரூபாய் வரை செலவழிக்கலாம். கொத்தனார் 8 அடிக்கு 6 அடி, 3 அடி ஆழம் தோண்டி, சிமெண்ட் பூசி, மோட்டார் வைத்து நீரூற்று விடலாம் என்கிறார்.

மோட்டார் கெட்டால் யார் பார்ப்பது? கொசு வருமா? அப்பத்தா தவறி விழுந்துவிட்டால்? இதெல்லாம் நினைத்தால் தூக்கம் வரவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கொளத்தூர் மீன்காரர்

தம்பி, அந்த மூணடிக் குழி வேண்டவே வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்க, அது 4,000 லிட்டர் தண்ணி. பாசி பிடிச்சா யார் இறைக்கிறது? தரைமட்டத்துல திறந்த குழின்னா முட்டி வலிக்காரங்களுக்கும் லீவுக்கு வர்ற பிள்ளைங்களுக்கும் ஆபத்து. மழைக்குக் கொல்லைச் சேறும் உள்ளேதான் ஓடி வரும்.

கிணத்து உறை போதும். 4 அடி விட்டம், ஒரு அடி உயரத்துல ரெண்டு உறை வாங்குங்க. அரை அடி பள்ளம் எடுத்து அடியில 4 அங்குலம் கான்கிரீட் போட்டு, அது மேல ரெண்டையும் அடுக்கி, இணைப்பையும் அடித்தளத்தையும் நீர்க்கசிவு தடுக்கிற கலவை சேர்த்துப் பூசிடுங்க. தொட்டி ஏறக்குறைய ஒன்றேமுக்கால் அடி வெளிய நிக்கும். விளிம்புக்கு 4 அங்குலம் கீழ வரைக்கும் நிரப்பினா 600 லிட்டர் பிடிக்கும். இதைவிடக் குறைச்சா சித்திரை வெயில்ல தண்ணி கொதிச்சுடும். சூடான தண்ணியில ஆக்சிஜனும் குறையும், விடியற்காலையில மீன் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடும்.

மோட்டார் வேண்டாம். அல்லிக்கு அலையாத தண்ணிதான் பிடிக்கும். நீரூற்றுத் தண்ணி இலைமேல விழுந்துக்கிட்டே இருந்தா செடி நலிஞ்சு போகும்.

அடியில ஒன்றேகால் அங்குல வால்வு கட்டாயம் வைங்க. பூசி முடிச்சப்புறம் தொட்டியை உடைச்சு வைக்க முடியாது. முன்னாடியே வைக்கணும்.

மதுரை மருமகள்

என் மாமனாருக்குப் போன வருடம் இதே மாதிரி கட்டினோம். நான் செய்த ஒரு தவறை நீங்கள் செய்யாதீர்கள். விளிம்பிலேயே உட்காரலாம் என்று நினைத்து அகலமாகப் பூச வைத்தேன். நடந்தது வேறு. ஈரம் பட்டு வழுக்கும் இடத்தில் வயதானவரை உட்கார வைத்துவிட்டேன். ஒரு நாள் சறுக்கினார். பெரிய அடி இல்லை, ஆனாலும் அன்றைக்கே மாற்றினோம்.

இருக்கையைத் தொட்டியை ஒட்டி, தனியாகச் செங்கல்லில் கட்டுங்கள். உயரத்தை உங்கள் இஷ்டத்துக்கு வைக்காதீர்கள். அப்பத்தாவை நாற்காலியில் உட்கார வைத்து, குதிகாலிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அளவு எடுங்கள். அதைவிட ஓரிரு அங்குலம் கூட இருந்தால் எழுந்திருக்கும்போது முட்டிக்குச் சிரமம் தெரியாது. பக்கத்தில் பிடித்து எழ ஒரு இரும்புக் குழாய், முதுகு சாய ஒரு சுவர். கடப்பாக்கல் வேண்டாம், கறுப்புக் கல் வெயிலில் சுடும், வழவழப்பாக இருந்தால் வழுக்கவும் செய்யும். சொரசொரப்பான சிமெண்டே நல்லது.

கொல்லைக் கதவிலிருந்து இருக்கை வரைக்கும் படி இல்லாத நடைபாதை போடுங்கள். செலவில் பாதி அதற்குப் போனாலும் தப்பில்லை என்பது என் கருத்து.

இன்னொன்று. அப்பத்தா எந்த நேரத்தில் அங்கே உட்காருவார் என்று கேட்டீர்களா? ஏனென்றால் அல்லியிலேயே இரண்டு வகை நேரம் இருக்கிறது. வெள்ளை அல்லியும் செவ்வல்லியும் இரவில் விரிந்து மறுநாள் முற்பகலில் மூடிக்கொள்ளும். நீலாம்பல் காலையில் விரிந்து பிற்பகலில் மூடும். நான் வெள்ளை அல்லி வைத்தேன். மாமனார் உட்காருவதோ மாலை 4 மணிக்கு. ஒரு மாதம் மொட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

புதுக்கோட்டைப் பேரன்

அக்கா, மிக்க நன்றி. இது எனக்குத் தோன்றவே இல்லை. உடனே போன் போட்டுக் கேட்டேன். "வெள்ளன நாலரைக்கு எந்திரிச்சிருவேன், வெளிச்சம் வர்ற வரைக்கும் என்ன செய்ய, சும்மாதான் உக்காந்திருப்பேன்" என்றார். அப்படியென்றால் வெள்ளை அல்லிதானே சரி? ஆனால் இருட்டில் நடந்து வர வேண்டுமே.

மதுரை மருமகள்

வெள்ளை அல்லியேதான். அவர் வரும்போது முழுசாக விரிந்திருக்கும். நடைபாதை ஓரத்தில் முழங்கால் உயரத்தில் சூரிய ஒளி விளக்கு இரண்டு வையுங்கள், வயரிங் வேலையே இல்லை. பின்னால் யாராவது மின் மோட்டாரோ மின் விளக்கோ வைக்கச் சொன்னால், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) இல்லாமல் சம்மதிக்காதீர்கள்.

நடைபாதையின் இரண்டு பக்கமும் புல் வளர விடக்கூடாது. தண்ணீர் இருந்தால் தவளை வரும், தவளை வந்தால் பாம்பும் வரலாம். கண்ணுக்குத் தெரியும்படி தரை சுத்தமாக இருந்தால் போதும்.

ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்

கொசுவைப் பற்றி நான் சொல்கிறேன், வேலையில் இருந்த காலம் முழுக்க அதைத்தான் பார்த்தேன்.

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் முட்டையிடுவதைவிட, வீட்டில் தேங்கும் தெளிந்த தண்ணீரையே தேடி வரும். நம் ஊர் வெப்பத்தில் முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏழெட்டு நாள் போதும். ஆனால் மீன் உள்ள தொட்டியில் புழு தப்பிப்பது அரிது. கப்பி மீன் பத்து விட்டால் இரண்டு மூன்று மாதத்தில் தானே பெருகிவிடும். குட்டி போடும் மீன் அது. கம்பூசியா தருகிறேன் என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். மற்ற மீன்களின் வாலைக் கடிக்கும், தவளைக் குஞ்சையும் தின்னும், ஊருணிக்குப் போய்விட்டால் நம் மண்ணின் மீன்களுக்கு இடம் இருக்காது. கிடைத்தால் முண்டக்கண்ணி விடுங்கள், தலையில் வெள்ளைப் பொட்டுள்ள சின்ன மீன், தண்ணீரின் மேல்மட்டத்திலேயே திரியும். கப்பியானாலும் ஊருணியில் கொண்டுபோய் விடக்கூடாது.

பலர் கவனிக்காத விஷயம் இரண்டு. ஏடிஸ் தண்ணீரின்மேல் முட்டையிடாது, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஈரச் சுவரில் ஒட்டும். அந்த முட்டை காய்ந்தபடியே மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மட்டம் இறங்கி மறுபடி நிரப்பும்போது பொரிக்கும். ஆகவே வாரம் ஒரு முறை விளிம்பை உள்பக்கமாகத் தேங்காய் நாரால் தேய்த்துவிட வேண்டும், ஐந்து நிமிட வேலை.

இரண்டாவது, அழகாக இருக்கிறது என்று ஆகாயத்தாமரையை மிதக்க விடாதீர்கள். மான்சோனியா என்றொரு கொசு இருக்கிறது, யானைக்கால் நோய்க் கிருமியில் ஒரு வகையைப் பரப்புவது. அதன் புழு மூச்சுவிட மேலே வராது. ஆகாயத்தாமரை, வெங்காயத்தாமரை வேரைத் துளைத்து அதிலிருந்தே காற்றை எடுத்துக்கொள்ளும். வேருக்குள் ஒளிந்திருப்பதை மீன் எட்டிப் பிடிப்பது கடினம்.

தொட்டியைவிட, சுற்றிக் கிடக்கும் கொட்டாங்கச்சி, பூந்தொட்டித் தட்டு, வால்வுக் குழி இவைதான் ஆபத்து. வால்வைச் சுற்றிப் பள்ளம் விட்டால் அதில் மணலை நிரப்புங்கள். கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வரும்போது மீன் இருப்பதைக் காட்டச் சொல்லுங்கள். புழு இருந்தால் 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டப்படி வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் கொடுக்கலாம்.

கொளத்தூர் மீன்காரர்

ஐயா சொன்னது நூத்துக்கு நூறு சரி. உப்புத் தண்ணி விஷயத்தை நான் விட்டுட்டேன். இந்த அளவு தொட்டியில கோடைக்கு நாளைக்கு 7, 8 லிட்டர் ஆவியாகும், ரெண்டு நாளைக்கு ஒரு குடம்னு வச்சுக்கங்க. தண்ணிதான் ஆவியாகும், உப்பு அங்கேயே நிக்கும். போர் தண்ணியை மேல மேல ஊத்தினா நாலஞ்சு மாசத்துல இலை ஓரம் கருகும். மாசம் ஒருவாட்டி வால்வைத் திறந்து கால்வாசி இறக்குங்க, வாழைக்கோ தென்னைக்கோ போகட்டும். ஓட்டு வீடுதானே, ஐப்பசி மழைக்குத் தாழ்வாரத்துத் தண்ணியைக் குழாய் வச்சுத் தொட்டிக்குத் திருப்பிடுங்க. மழைத்தண்ணியைவிட நல்லது எதுவும் இல்ல. நிரம்பி வழியிற துளைக்கு வலை கட்டுங்க, இல்லேன்னா கப்பி வெளிய போயிடும்.

குடம் தூக்கி ஊத்தற வேலையை அந்தம்மாவுக்கு வைக்காதீங்க. மேல்தொட்டிக் குழாயிலிருந்து மிதவை வால்வு போட்டுருங்க, தானா நிரம்பும். உப்புப் படிஞ்சு சிக்கும், நீங்க வரும்போது கழட்டித் துடைங்க.

அல்லிக் கிழங்கை ஒரு அடி அகல பிளாஸ்டிக் டப்புல வயல் களிமண்ணுல வைங்க, மேல ரெண்டு விரல் மணல். தென்னைநார்க் கழிவு கலந்தா மிதந்து வந்துடும், சாணி போட்டா தண்ணி பச்சையாயிடும். ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை எலும்புத்தூள் ஒரு ஸ்பூன் தாள்ல மடிச்சு மண்ணுக்குள்ள அழுத்தி விட்டாப் போதும். மீனுக்குத் தீனி போட வேண்டாம். தொட்டி வேப்பமரத்துக்கு எட்டத்துல இருக்கணும், அஞ்சாறு மணி நேரம் வெயில் விழணும்.

புதுக்கோட்டைப் பேரன் (ஒன்றரை மாதம் கழித்து)

தொட்டி கட்டியாயிற்று. ஆனால் மனசு கஷ்டமாக இருக்கிறது. தண்ணீர் நிரப்பி ஆறாவது நாள் கப்பி பத்து விட்டேன். மறுநாள் காலையில் ஏழு செத்து மிதந்தன. அப்பத்தாதான் முதலில் பார்த்திருக்கிறார். தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கிறது. மீன் கடையில் வாங்கிய சோதனைத் தாளை வைத்துப் பார்த்தால் தண்ணீரின் அமில-கார அளவு (pH) 10 காட்டுகிறது. என்ன தவறு செய்தேன்?

கொளத்தூர் மீன்காரர்

தம்பி, தப்பு என் மேல. புது சிமெண்ட் சுண்ணாம்பு கக்கும்னு நான் முதல்லயே சொல்லியிருக்கணும். மன்னிச்சிடுங்க.

மிச்ச மூணையும் பழைய தண்ணி உள்ள வாளிக்கு மாத்துங்க. தொட்டியை முழுசா இறக்கி, பிரஷ் போட்டுத் தேய்ச்சு, மறுபடி நிரப்புங்க. வாழைமரம் வெட்டினா அந்தத் தண்டைத் துண்டு போட்டு உள்ள ஊறவிடுங்க, எங்க பக்கம் தொட்டி கட்டினா இதைத்தான் செய்வோம். ஒரு வாரம் கழிச்சு அழுகினதை அள்ளிட்டுத் தண்ணியை இறக்குங்க. இப்படி மூணு தடவை. தாள்ல 8.5க்குக் கீழ வந்தப்புறம் முதல்ல அல்லி, பத்து நாள் கழிச்சு மீன். அவசரப்படாதீங்க.

புதுக்கோட்டைப் பேரன் (பங்குனிக் கடைசியில்)

நான்கு தடவை இறக்க வேண்டியிருந்தது. இப்போது தாள் 8 காட்டுகிறது. முதல் மூன்று வாரம் தண்ணீர் பச்சையாகவே இருந்தது, அல்லி இலை பாதிக்கு மேல் மூடியதும் தானே தெளிந்துவிட்டது. அந்த மூன்று கப்பியும் பிழைத்து, இப்போது எண்ண முடியாத அளவுக்குக் குஞ்சு. வேப்பிலை உதிர்ந்தபோது ஒரு மாதம் வலை கட்டி வைத்தோம், வலையைக் காலையில் உதறுவது மட்டும் ஒத்தாசைக்கு வரும் அக்காவுக்குக் கூடுதல் வேலை. விளிம்பு தேய்ப்பதை அப்பத்தாவே உட்கார்ந்தபடி செய்கிறார், விடமாட்டேன் என்கிறார்.

லீவுக்குப் பிள்ளைகள் வருகிறார்கள் என்பதால் நீர்மட்டத்துக்கு இரண்டு அங்குலம் கீழே வெல்டு கம்பி வலை பொருத்தியிருக்கிறேன், இலை அதன் வழியே மேலே வந்துவிடுகிறது. மொத்தச் செலவு 36,000. அதில் பாதி, மதுரை அக்கா சொன்ன மாதிரி, நடைபாதைக்கும் இருக்கைக்கும் கைப்பிடிக்கும்தான்.

போன சனிக்கிழமை ஊரில் இருந்தேன். நாலரை மணிக்கு எழுந்து போய்ப் பார்த்தால் மூன்று பூ. அப்பத்தா எனக்கு முன்னாலேயே அங்கே இருந்தார். கூடவே எதிர்வீட்டு ஆச்சியும் நின்றுகொண்டிருந்தார், தினமும் வருகிறாராம். இருக்கை ஒருவர் உட்காரும் அளவுக்குத்தான் கட்டியிருக்கிறேன். அடுத்த மாதம் கொத்தனாரை வரச் சொல்லியிருக்கிறேன், இன்னும் இரண்டடி நீட்டவும், அந்தப் பக்கம் இன்னொரு கைப்பிடி வைக்கவும். பழைய பூச்சோடு புதுப் பூச்சு வெடிப்பு விடாமல் ஒட்ட என்ன செய்ய வேண்டும்?

மதுரை மருமகள்

பழைய விளிம்பைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, தூசி போகக் கழுவி, ஈரமாக இருக்கும்போதே சிமெண்ட் பால் தடவிவிட்டுப் புதுசைக் கட்டச் சொல்லுங்கள். ஏழு நாள் சாக்கு போட்டு நனையுங்கள். சிமெண்ட் தண்ணீர் தொட்டிக்குள் ஒழுகாமல் அந்தப் பக்கம் ஒரு தார்ப்பாய் கட்டிக்கொள்ளுங்கள், குஞ்சுகள் இருக்கின்றன. ஆச்சிக்கும் குதிகாலிலிருந்து அளவு எடுங்கள்.